மேட்டுக்கு இரண்டாவது நடை

அத்தியாயம் 17

டுவேன் ஸ்கோக்லண்டின் இடது கால் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியபோது பேஸ்பால் மைதானத்தில் மூவாயிரம் பேர் இருந்தார்கள். வலது கால் தாண்டியபோதும் அதே மூவாயிரம் பேர்தான். அவர்களில் ஒருவராவது "யோவ், நில்லு" என்று குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் ஃபால்க் லேக் ஜனங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. எதிரே வருகிறவர் குழியில் விழப்போகிறார் என்று தெரிந்தாலும், ஏதோ காரியமாகத்தான் போகிறாரோ என்னவோ என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அம்பயர் ஒருவர்தான் வாயைத் திறந்தார். முகக்கவசத்தை மேலே தள்ளிவிட்டு இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டாவது நடை, டுவேன். பையனை இறக்கு."

அந்த ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. ஒரு இன்னிங்ஸில் பந்து வீசுகிறவனைப் பார்க்கக் கோச் ஒரு நடை போகலாம். பேசலாம், முதுகில் தட்டலாம், அவனோடு சேர்ந்து பெருமூச்சும் விடலாம். இரண்டாவது நடை போனால் அவன் மேட்டை விட்டு இறங்கியாக வேண்டும். மேடுவரை போகக்கூட வேண்டாம். கோட்டைத் தாண்டினாலே நடைதான்.

மேட்டில் நின்றவன் கோல்பி. டுவேனுடைய சொந்த அக்கா மகன்.

ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவது. அவர்களுடைய ஹெரன்ஸ் அணி ஒரு ரன் முன்னே. இரண்டு பேர் அவுட், இரண்டு பேஸில் ரன்னுக்குக் காத்து நிற்கும் எதிரணி ஆள். அதுவரை கோல்பி எதிரணியைத் திணற அடித்திருந்தான். வலைக்குப் பின்னால் பெரிய அணி ஒன்றுக்கு ஆள் தேடும் ஸ்கவுட், வேகம் பார்க்கும் கருவியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கோல்பிக்காகவே வந்தவர். இருபத்தேழு வயது வீச்சாளனைத் தேடி அப்படி ஒருவர் வருவது, தலை நரைத்த மாப்பிள்ளையைத் தேடிப் பெண்வீட்டார் வருவதைப் போல. வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பக் கூடாது.

டுவேன் எதற்காகக் கோட்டைத் தாண்டினார்?

"கீழ போடு, வெளிய போடுன்னு சொல்லத்தான் போனேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

உண்மை அதுவல்ல. முதல் நடை போனபோது கோல்பியின் தாடை இறுகிக் கிடந்தது. டுவேன் தன் கைவசம் எப்போதும் இருக்கும் ஒரே மருந்தை எடுத்தார். "ஒரு விவசாயி மாட்டு டாக்டருக்கு போன் பண்ணி, என் பசு மூணு நாளா என்னையே முறைச்சுப் பாக்குதுன்னானாம். டாக்டர் கேட்டாராம், உன் பொண்டாட்டி எப்படிப் பாக்குறான்னு. அவ பாத்தே மூணு வருஷம் ஆச்சு டாக்டர்னானாம்..." அந்த இடத்தில் அம்பயர் வந்து, "மாநாடு முடிஞ்சுதா?" என்று விரட்டிவிட்டார்.

கோல்பி அடுத்த ஆளைச் சுத்தமாக வீழ்த்தினான். பிறகு அணி உட்காரும் டக்அவுட் பள்ளத்தின் பக்கம் திரும்பி, கையுறையை லேசாக உயர்த்தினான். அப்புறம் என்னாச்சு, என்பது போல.

அது போதாதா? டுவேனுக்குத் தலைகால் புரியவில்லை. படியேறி வெளியே வந்து கத்தினார். கூட்டத்தின் இரைச்சலில் கேட்கவில்லை. கோல்பி காதருகே கையைக் குவித்தான். டுவேன் இன்னும் கொஞ்சம் முன்னே போனார். இன்னும் கொஞ்சம்.

"அப்ப பசுவை விட்டுடாதேன்னாராம்!"

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் அக்கா மகனையும் சேர்த்துக் கெடுத்தது. கை சூடாகாமல் ஓடிவந்த மாற்று வீச்சாளன் போட்ட இரண்டாவது பந்து, வேலியைத் தாண்டி யாருடைய பிக்கப் வண்டியிலோ போய் விழுந்தது. ஹெரன்ஸ் தோற்றது. ஸ்கவுட் கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, பார்க்கிங் பக்கம் நடந்தார்.

*

மறுநாள் ஞாயிறு. காரை டுவேன் ஓட்ட, மனைவி மார்லிஸ் மடியில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் இருந்த பாத்திரத்தைத் துண்டு சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் சர்ச், பிறகு அக்கா ஆர்டிஸ் வீட்டில் விருந்து. அத்தான் வெர்னுக்கு வழியனுப்பு விருந்து.

வெர்ன் டொலஃப்சன்தான் ஹெரன்ஸ் அணியின் பிட்ச்சிங் கோச், பந்து வீசுகிறவர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அரிசோனாவில் இதைவிடப் பெரிய அணி அவரைக் கூப்பிட்டுவிட்டது. போன வாரம் அந்தச் செய்தியை "ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்து, உருளைக்கிழங்கு சாலட்டுக்கும் காபிக்கும் நடுவில் சொல்லி முடித்தார். ஆர்டிஸ் அழவில்லை. எழுந்துபோய், ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பை மறுபடி துடைத்தாள். அவளுக்கு அதுதான் அழுகை.

காலியாகும் அந்த இடம் தனக்குத்தான் என்பதில் டுவேனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பதினொரு வருஷமாக அவர் புல்பென் கோச். இடது மூலையில் கம்பிவேலி போட்ட ஒரு கூண்டு. மாற்று வீச்சாளர்கள் கை சூடேற்றும் இடம். அவர்களோடு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்து, சிரிக்கவைத்து, உள்ளேயிருந்து ஆள் கேட்டதும் அனுப்பிவைப்பது அவர் உத்தியோகம். வெர்ன் கையெழுத்துப் போட அரிசோனா பறந்ததும், அணியை நடத்தும் மானேஜர் ஹெக்டர் கூப்பிட்டு, "சனிக்கிழமை ஆட்டத்துக்கு நீ நின்னு பாரு" என்றார். புதுக் கோச் யார் என்பதை ஞாயிறு மாலை ஆட்டத்துக்கு முன்னால் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

நின்றார். ஊரே பார்த்தது. இப்போது செல்போன்களிலும் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரோ அதற்குப் பின்னணி இசைகூடச் சேர்த்திருந்தார்கள்.

"எனக்குக் கிடைக்கும்னு நினைக்கிறியா?" என்றார் டுவேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு. ஹாட்டிஷ் சிந்துது" என்றாள் மார்லிஸ்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கிடைச்சா நல்லாத்தான் இருக்கும்."

"கிடைக்குமான்னு கேட்டேன்."

"கிடைக்காட்டியும் ஒண்ணும் குறைஞ்சிடாது." கொஞ்ச நேரம் வெளியே சோளக்கொல்லையைப் பார்த்தாள். "இந்த வருஷம் சோளம் நல்லா வந்திருக்கு, இல்ல?"

இருபத்துநாலு வருஷக் குடித்தனத்தில் சோளம் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று டுவேனுக்குத் தெரியும்.

சர்ச்சில் யாரும் அவரைக் குறைசொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி ஊற்றும்போது ஆளுக்கு ஆள் வந்து கைகுலுக்கினார்கள். வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது என்றார்கள். கொசு இந்த வருஷம் பரவாயில்லை என்றார்கள். சாவு வீட்டில்கூட இவ்வளவு மென்மையாகக் கைகுலுக்க மாட்டார்கள். கிழவர் ஓர்வில் மட்டும் ஆறுதல் சொல்லத் துணிந்தார்.

"விடுப்பா டுவேன். இன்னும் மோசமா ஆகியிருக்கலாம்."

"எப்படி ஆகியிருக்கலாம், ஓர்வில்?"

ஓர்வில் யோசித்தார். காபியை ஒரு வாய் குடித்தார். மறுபடி யோசித்தார்.

"மழை பெஞ்சிருக்கலாம்" என்றார்.

*

அக்கா வீடு ஏரிக்கரையில். வெர்ன் காலை விமானத்தில் வந்திறங்கி, பயணச் சட்டையை மாற்றாமலே பின்கட்டில் மீன் சுட்டுக்கொண்டிருந்தார். அக்கா வாசலுக்கே வந்து டுவேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வழக்கமாக அவள் தோளைத் தட்டுவதோடு சரி.

"வாடா. சாப்பிட்டியா? முகமே வாடிப்போச்சு."

"இப்பதான் அக்கா வரேன். சாப்பாடே இங்கதானே?"

"ஒரு நல்ல சேதி" என்றாள் அக்கா, அவர் சொன்னதைக் காதில் வாங்காமல். "அந்த ஸ்கவுட் காலைல போன் பண்ணாரு. நாளைக்கு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கோல்பி ஒருதரம் பந்து போடுறதைப் பாக்கணுமாம். தனியா, சும்மா ஒரு அரைமணி. அதனால நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே."

அலட்டிக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டாளே தவிர, அலட்டிக்கொள்ளும்படி ஒன்று நடந்தது என்று அக்கா ஒத்துக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

சாப்பாட்டு மேஜையில் ஐந்து பேர். கோல்பி அவருக்கு நேரெதிரே. அப்பாவின் அகன்ற தோள், அம்மாவின் சாம்பல்நிறக் கண். டுவேனைப் பார்த்ததும், "வாங்க மாமா" என்று சிரித்தான். முறைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெர்ன் மீனை எல்லாருடைய தட்டிலும் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முள் எடுத்தபடியே கேட்டார்.

"டுவேன், நேத்து என்ன சொல்லப் போன நீ?"

குற்றஞ்சாட்டும் குரல் இல்லை. தொழில்காரர் தொழில்காரரைக் கேட்கும் கேள்வி. இப்போது சொல்லிவிடலாம். "ஒரு பசு மாட்டு ஜோக், அத்தான்" என்று. ஐந்து பேர்தான், எல்லாம் குடும்பம், சிரித்துவிட்டுக்கூடப் போவார்கள்.

"கீழ போடச் சொல்லத்தான் அத்தான். அந்த ஆள் மேல வர்றதை வெளுக்கிறவனாச்சே."

"ம்" என்றார் வெர்ன். "அது சரிதான். ஆனா முதல் நடையிலேயே சொல்லியிருக்கலாமே."

"மறந்துட்டேன்."

"நீ மறக்கற ஆள் இல்லையே."

அப்போதுதான் கோல்பி பேசினான். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாமா சொன்னது சரிதாம்பா. கீழ போடு, வெளிய போடுன்னுதான் கத்தினாரு. எனக்குத்தான் காதுல விழல."

"பாத்தீங்களா" என்றாள் அக்கா பெருமையோடு. "பையனோட நல்லதுக்குத்தான் ஓடினான். எனக்குத் தெரியாதா என் தம்பியை? இந்தா, இன்னொரு துண்டு மீன் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டார். இல்லாத முள்ளைத் தேடி அதைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் பொய் சொல்வது சாதாரணம். அவன் பொய்யை, அவனால் கெட்டவனே முட்டுக்கொடுத்து நிறுத்தும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மேஜைக்கு அடியில் மார்லிஸின் கை வந்து அவர் தொடையில் படிந்தது. அவளுக்கு அந்த ஜோக் தெரியும். முந்தாநாள் சமையலறையில் அவளிடம்தான் ஒத்திகை பார்த்திருந்தார். நேற்று ஒளிபரப்பில் அவர் வாய் அசைந்ததையும் பார்த்திருப்பாள்.

*

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா எலுமிச்சை கேக்கைச் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்து வைத்தாள். தட்டு காலியாகிக் கடைசித் துண்டுக்கு வந்தது. அந்த ஊரில் கடைசித் துண்டை எடுப்பவன் பந்தியில் முதல் ஆளாகக் கை நனைப்பவனைவிடக் கேடுகெட்டவன். மார்லிஸ் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்தாள். வெர்ன் மிச்சத்தைப் பாதியாக்கினார். அக்கா அதிலும் பாதி. டுவேன் கத்தியை வாங்கி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்றை மிச்சம் வைத்து, அறுவைசிகிச்சை செய்பவர்போல வெட்டி எடுத்தார்.

கோல்பி அந்தத் துணுக்கை விரலால் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டான்.

வெர்ன் மகனைப் பார்த்தார். கோல்பி எழுந்து, "நான் ஐஸ் பெட்டியை வண்டில ஏத்தறேன்" என்று வெளியே போனான்.

டுவேன் பின்கட்டுக்குப் போனார். வெர்னும் அடுப்புக் கம்பியைச் சுரண்டும் சாக்கில் பின்னாலேயே வந்தார். இருவரும் ஏரியைப் பார்த்து நின்றார்கள்.

"அத்தான், ஹெக்டர் யாரைப் போடப்போறாரு?"

"ஹெக்டருக்கு ஒரு எண்ணம் இருக்கு."

"என்ன எண்ணம்?"

"நல்ல எண்ணம்தான்."

"ஐயோவா மாநிலத்துல இருந்து ஒருத்தன் வர்றான்னு பேச்சு அடிபடுதே. கம்ப்யூட்டர்லயே பந்து போடுறவன்."

"நல்ல பையன்னுதான் சொல்றாங்க." வெர்ன் கம்பியைச் சுரண்டினார். "ஆனா அதுக்காக ஒண்ணும் இல்ல."

"எதுக்காக ஒண்ணும் இல்ல?"

"பொதுவாச் சொன்னேன்."

டுவேனுக்கு ஒரு சிரிப்பு வந்தது. இந்த மனுஷன் மேட்டில் ஏறி நின்றால், எதிரே இருப்பவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் "உன் பந்துல இன்னைக்கு ஒண்ணுமே இல்ல, இறங்கு" என்று ஒரே வரியில் சொல்கிறவர். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் மீனுக்குக்கூட நோகாமல் பேசுவார்.

"நீங்க என் பேரைச் சொன்னீங்களா அத்தான்? அதையாவது சொல்லுங்க."

வெர்ன் சுரண்டுவதை நிறுத்தினார். "ஹெக்டர் என்னைக் கேக்கல, டுவேன். பந்து போடுறவங்களைத்தான் கேட்டாரு. அவங்க யார்கிட்டப் போய் நிக்கப்போறாங்களோ, அவங்கதானே சொல்லணும்? மூத்தவன்கிறதால எல்லாருக்கும் சேத்து கோல்பி பேசினான்."

"கோல்பியா? என்ன சொன்னான்?"

வெர்ன் கம்பியில் இல்லாத கரியைத் தேடினார்.

"அவன் வண்டிகிட்ட நிக்கிறான்" என்றார்.

*

கோல்பி வீட்டுப் பக்கவாட்டில் பிக்கப்பின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தான். ஐஸ் பெட்டியை இடது கையால் இழுத்து, வயிற்றில் முட்டுக்கொடுத்து ஏற்றினான். டுவேன் ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தார்.

"விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்."

"மாப்ள, எங்க காலத்துல ஐஸ் பெட்டியைத் தூக்கினாதான் பொண்ணு குடுப்பாங்க."

கோல்பி சிரித்தான். உடனே, சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டவன்போல முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நேத்து விஷயத்துக்கு..." என்று டுவேன் தொடங்கினார். "உங்க அப்பாகிட்ட நான் சொன்னது பொய்னு உனக்குத் தெரியும். எனக்காக நீயும் சொன்ன. அது வேணாம்டா. ஆட்டத்துக்கு முன்னாடி ஹெக்டர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். ஜோக் சொல்லப் போனேன்னு. ஊரே சிரிக்கட்டும். எப்படியும் சிரிக்குது."

"அதுக்கு அவசியம் இல்ல மாமா."

"அவசியம் இருக்கு. அந்த வேலை எனக்குக் கிடைச்சா, பொய்மேல கிடைச்சதா இருக்கக் கூடாது."

கோல்பி பின்கதவின்மேல் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

"கிடைக்காது மாமா" என்றான். "நான்தான் வேணாம்னு சொன்னேன்."

டுவேன் தலையை ஆட்டினார். ஏதோ விலை கேட்டுச் சம்மதித்தவர்போல, தேவைக்கு அதிகமாகவே ஆட்டினார்.

"நியாயம்தான். நேத்து நான் அடிச்ச கூத்துக்கு, நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"நேத்து இல்ல. வியாழக்கிழமையே சொல்லிட்டேன். ஐயோவாக்காரர் நேத்து மத்தியானமே ஒத்துக்கிட்டாரு."

"மத்தியானமேயா? அப்ப சனிக்கிழமை நீ நின்னு பாருன்னு ஹெக்டர் எதுக்கு..."

"நான்தான் கேட்டுக்கிட்டேன். மாமா இத்தனை வருஷம் அந்தக் கூண்டுலயே கிடந்தாரு, ஒரு ஆட்டமாச்சும் நிக்கட்டும்னு."

டுவேன் தன் தொப்பியைக் கழற்றினார். அதில் ஒற்றைக்காலில் நிற்கும் அணிச் சின்னக் கொக்கைப் பார்த்தார். அவர் நின்று பார்த்த பரீட்சைக்கு முன்னாலேயே தாள் திருத்தியாகிவிட்டது. அவர்மேல் இரக்கப்பட்டுப் பையன் ஒருநாள் தந்திருக்கிறான். அந்த ஒருநாளை வைத்துத்தான் அவனை மேட்டிலிருந்து இறக்கிவிட்டார். காதுமடல் இரண்டும் சுட்டன. ஊர் சிரித்தபோதுகூட இப்படிச் சுடவில்லை.

"சரி" என்றார். "ஏன்னு கேக்கலாமா?"

"உங்களை எல்லாருக்கும் பிடிக்கும் மாமா. பசங்க உங்களுக்காக உசிரையே..."

"அது கிடக்கட்டும். ஏன்?"

"சொன்னா வருத்தப்படுவீங்க."

"படறேன். சொல்லு."

கோல்பி வலது கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தான்.

"ஜூன் மாசம், பஸ்ல வந்துட்டிருந்தோம். உங்க பக்கத்துலதான் உட்காந்திருந்தேன். முழங்கை ஒரு மாதிரி இருக்கு மாமான்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

டுவேன் தேடினார். பஸ் ஞாபகம் இருந்தது. மழை ஞாபகம் இருந்தது. வாங்கித் தின்ற வறுத்த பாலாடைக்கட்டிகூட ஞாபகம் இருந்தது.

"இல்லடா" என்றார்.

"நீங்க ஒரு ஜோக் சொன்னீங்க."

"என்ன ஜோக்?"

"நல்ல ஜோக்தான். நான் சிரிச்சேன். முன்சீட்டுல இருந்தவங்களும் திரும்பிச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அதை யார்கிட்டயும் எடுக்க முடியல மாமா. அப்பாகிட்டகூட. எல்லாரும் சிரிச்சு முடிச்ச விஷயத்தை மறுபடி எப்படிப் பேசறது? அதான் ஹெக்டர்கிட்ட சொன்னேன். நான் ஒண்ணு சொன்னா, அதைக் கேட்டுட்டுச் சும்மா நிக்கிற ஆள் வேணும்னு. முழங்கையைப் பத்தி அவர்கிட்டயும் சொல்லல."

"யாருக்குமே தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்" என்றான் கோல்பி. "தெரிஞ்சிருக்கணும்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. நாளைக்குக் காலையில் ஸ்கவுட் முன்னால் போட்டுக்கொள்ளச் சட்டையை இஸ்திரி போடட்டுமா என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு கோல்பி வலது முழங்கையை மறு கையால் மூடிக்கொண்டான்.

டுவேனின் நாக்கு நுனியில் ஒன்று வந்து நின்றது. ஒரு எலும்பு டாக்டரும் ஒரு பாதிரியாரும் படகில் போகும் கதை. கச்சிதமாக இருந்தது. சொன்னால் பையன் சிரித்துவிடுவான், இந்த நிமிஷம் கடந்துபோய்விடும், இரண்டு பேரும் வண்டியில் ஏறி மைதானத்துக்குப் போய்விடலாம். நாற்பது வருஷமாக அவர் ஒவ்வொரு கெட்ட நிமிஷத்தையும் அப்படித்தான் கடந்திருக்கிறார். அதை விழுங்கினார். விழுங்கிப் பழக்கமில்லாததால் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பின்கதவின்மேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப வலிக்குதா?"

"பரவால்ல. மோசமில்ல."

"அதைக் கேக்கல மாப்ள. வலிக்குதா, இல்லையா?"

கோல்பி வாசலைப் பார்த்தான். அம்மா இன்னும் வரவில்லை என்று தெரிந்ததும் மூச்சை வெளியே விட்டான்.

"வலிக்குது மாமா. ரொம்ப வலிக்குது. நேத்து நீங்க கோட்டைத் தாண்டலேன்னா, நானே கையைத் தூக்கிட்டு இறங்கியிருப்பேன்."